பக்கவாட்டுப் படம்

அந்தச் சிறுமிக்கு வலியைவிட ஆவல்தான் அதிகமாக இருந்தது. வலது முன்கை நடுவில் ஒடிந்து வளைந்து கிடந்தது. அவளுடைய அப்பா தன் மேல்துண்டால் அதைக் கழுத்தோடு சேர்த்துக் கட்டி, ஸ்ரீரங்கத்திலிருந்து குதிரை வண்டியில் காவிரிப் பாலம் தாண்டி எங்கள் ஆஸ்பத்திரிக்குக் கூட்டி வந்திருந்தார். வண்டி குலுங்கிய குலுக்கலில் அவள் முகம் வெளிறிப் போயிருந்தது. அப்படியும், எக்ஸ்ரே மேஜைமேல் கையை வைத்ததும் அவள் கேட்ட முதல் கேள்வி இதுதான்:

"மாமி, இந்த மெஷின்ல என் எலும்பு தெரியுமா? நான் பாக்கலாமா?"

எனக்கு அப்போது இருபத்திரண்டு வயது. அதுவரை யாரும் என்னை மாமி என்று கூப்பிட்டதில்லை.

"மாமி இல்ல, அக்கா. எனக்கு இன்னும் கல்யாணமே ஆகல."

"சரி, எக்ஸ்ரே அக்கா. பாக்கலாமா?"

அறுபதுகளின் தொடக்கம் அது. சித்திரை மாதம், பள்ளிக்கூடங்களுக்கு லீவு. லீவு விட்ட மறுநாளே எங்கள் அறைக்குக் குழந்தைகள் வர ஆரம்பித்துவிடுவார்கள். மதில் சுவரிலிருந்து குதித்தவன், மாட்டு வண்டியின் பின்னால் தொற்றிக்கொண்டு போய் விழுந்தவன், படித்துறையில் வழுக்கியவள். இவள் முருங்கை மரத்தில் ஏறியிருக்கிறாள். உச்சியில் ஒரு காற்றாடி மாட்டிக்கொண்டிருந்ததாம். கிளை முறிந்து, கையை ஊன்றி விழுந்திருக்கிறாள். வயது பத்து.

அப்பா ரயில்வே ஆபீசில் குமாஸ்தா. நெற்றியில் திருமண், கையில் குடை. படம் எடுக்கும்வரை வாசலில் நின்றபடி தன்னிலை விளக்கம் போல் சொல்லிக்கொண்டிருந்தார்.

"எங்க தெருவுக்குப் பக்கத்துல எலும்பு கட்டறவர் ஒருத்தர் இருக்கார். கைராசிக்காரர்னு எல்லாரும் சொல்றா. ஆனா முட்டைப் பத்து போடுவாராம். எங்காத்துல அது ஆகாது. அதான் நேரா இங்க வந்துட்டோம்."

நான் பாலக்கரையில் பிறந்து வளர்ந்தவள். என் அப்பா பள்ளிக்கூட வாத்தியார். நான் படித்த பள்ளிக்கூடத்துக் கன்னியாஸ்திரீகள் என்னை நர்சுக்குப் படிக்க அனுப்பப் பார்த்தார்கள். நான் எக்ஸ்ரே படிக்கிறேன் என்று அடம் பிடித்தேன். வடக்கே ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் இரண்டு வருஷம் பயிற்சி. திரும்பி வந்தபோது, அந்த மெஷின் பக்கத்தில் நிற்கும் பெண்ணுக்குக் குழந்தை பிறக்காது என்று எங்கள் தெருவில் பேச்சு. இரண்டு வரன்கள் அதனாலேயே தட்டிப்போயின. அம்மா அழுதாள். எனக்கோ காலையில் எழுந்தால் எப்போது ஆஸ்பத்திரிக்குப் போவோம் என்றிருக்கும். உடம்பைத் திறக்காமலே உடம்புக்குள் பார்க்கிற வேலை. அதைவிட்டு யாராவது வருவார்களா?

அதனால்தான் அந்தச் சிறுமி கேட்ட கேள்வி எனக்குப் பிடித்துப்போயிற்று. செய்யக்கூடாததைச் செய்தேன். படம் எடுத்ததும் அவளை டார்க் ரூமுக்குள் கூட்டிக்கொண்டு போனேன். சிவப்பு விளக்கு ஒன்றுதான். உமியில் புதைத்து வைத்த ஐஸ் கட்டியை உடைத்துத் தொட்டியைச் சுற்றிப் போட்டிருப்போம். இல்லாவிட்டால் திருச்சி வெயிலுக்கு மருந்து சூடாகி, பிலிமின் மேல்பூச்சு பாலாடை மாதிரி வழுக்கிக்கொண்டு வந்துவிடும். சட்டத்தில் மாட்டிய பிலிமை மருந்தில் முக்கினேன். சற்றுப் பொறுத்துத் தூக்கிக் காட்டினேன். வெறும் சாம்பல் நிறத்திலிருந்து முதலில் விரல்கள் வந்தன. அப்புறம் மணிக்கட்டின் சின்னச் சின்னக் கூழாங்கற்கள். அப்புறம் இரண்டு நீள எலும்புகள், இரண்டும் நடுவில் முறிந்து, ஒன்றின் முனை மற்றதன் பக்கம் சாய்ந்து.

"ஐயோ, அக்கா! நன்னா ஒடிச்சிருக்கேனே!" என்றாள். அந்தக் குரலில் பாதி பயம், பாதி பெருமை.

அன்றே டியூட்டி டாக்டர் மயக்க மருந்து கொடுத்து, கையை இழுத்து நேராக்கி, மாவுக்கட்டுப் போட்டார். கட்டுக்கு மேலே நான் எடுத்த படத்தில் எலும்புகள் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டு ஒழுங்காகத்தான் நின்றன. ஒரு வாரம் கழித்து எடுத்த படத்தில் நழுவியிருந்தன. மறுபடி மயக்கம், மறுபடி இழுத்துக் கட்டு. ஐந்தாம் நாள் மறுபடி நழுவல். படத்தை விளக்குப் பெட்டியில் மாட்டியபோது எனக்கே கோபம் வந்தது.

எங்கள் ஆஸ்பத்திரிக்கு அப்போது ஒரு புது சர்ஜன் வந்து மூன்று மாதம் ஆகியிருந்தது. லால்குடிப் பக்கத்து விவசாயக் குடும்பம். மதராசில் எலும்பு வைத்தியம் தனியாகப் படித்தவர். உயரமான ஆள், மெதுவாகப் பேசுவார். வந்ததிலிருந்து தொடை எலும்பு, இடுப்பெலும்பு என்று பெரியவர்களுக்குத்தான் ஆபரேஷன் செய்திருந்தார். குழந்தையின் ஒடிந்த கையை எங்கள் ஆஸ்பத்திரியில் அதுவரை யாரும் கத்தி வைத்துத் திறந்ததில்லை. குழந்தை எலும்பு வளர வளரத் தானே சரியாகும் என்பதுதான் எல்லோருடைய எண்ணமும். பெரும்பாலும் அது உண்மையும்கூட.

அதுவரை எடுத்த எல்லாப் படங்களையும் வரிசையாக மாட்டி அவர் ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு சிறுமியின் அப்பாவை உள்ளே கூப்பிட்டார்.

"சார், கோயில்ல தீர்த்தம் வாங்கறப்ப கையை எப்படி வைப்பீங்க? கொஞ்சம் காட்டுங்க."

அப்பா குழப்பத்தோடு உள்ளங்கையைக் குழித்து ஏந்திக் காட்டினார்.

"இப்பக் குப்புறத் திருப்புங்க. மறுபடி மல்லாத்துங்க. பாத்தீங்களா? கட்டைவிரல் பக்கத்து எலும்பு, சுண்டுவிரல் பக்கத்து எலும்பைச் சுத்தி வருது. அதனாலதான் கை புரளுது. கட்டைவிரல் பக்கத்து எலும்புக்கு ஒரு அழகான வளைவு இருக்கு. குழந்தைக்கு அந்த வளைவு போயிருச்சு, முறுக்கிக்கிட்டும் நிக்குது. கோணல் வளர வளரக் கொஞ்சம் நேராகும். முறுக்கு நேராகாது. இப்படியே கூடிச்சுன்னா கை ஒட்டும், ஆனா புரளாது."

"புரளாதுன்னா?"

"உள்ளங்கையை ஏந்த முடியாது."

அப்பா தன் கையையே பார்த்துக்கொண்டு நின்றார். இன்னும் அது ஏந்தியபடிதான் இருந்தது.

"என்ன பண்ணலாம்னு சொல்லுங்கோ."

"சின்னதா ஒரு வெட்டு. ஒடிஞ்ச முனை ரெண்டையும் கண்ணால பாத்துச் சேர்த்துட்டு, எலும்புக்குள்ள இருக்கற குழல்ல மெல்லிசா ஒரு துருப்பிடிக்காத கம்பியை ஓட்டிடலாம். அந்த எலும்பு நின்னுட்டா மத்தது அதோட சேர்ந்து நின்னுக்கும். கூடினப்புறம் கம்பியை எடுத்துடலாம். நான் பெரியவங்களுக்குச் செஞ்சிருக்கேன். குழந்தைக்குச் செய்யறதைக் கூட நின்னு பாத்திருக்கேன். நானே செய்யறது இதுதான் முதல் தடவை. அதையும் உங்ககிட்ட சொல்லிடறேன்."

அப்படி ஒரு டாக்டர் சொல்லி நான் கேட்டதில்லை. அப்பா ஒரு நாள் அவகாசம் கேட்டார். மறுநாள் காலை பெருமாளைச் சேவித்துவிட்டு நேராக வந்து, "செஞ்சுடுங்கோ" என்றார்.

சர்ஜன் என் அறைக்கு வந்தார். "சிஸ்டர், நல்ல கையையும் ஒரு படம் எடுங்க. குழல் எவ்வளவு அகலம்னு தெரியணும். எந்தத் தடிமன்ல கம்பி போகும்னு பாக்கணும்."

ஆஸ்பத்திரியில் வெள்ளைப் புடவை கட்டிய எல்லோரும் சிஸ்டர்தான். எக்ஸ்ரே படம் நிழல்தானே, நிழல் அசலைவிடக் கொஞ்சம் பெரிதாகத்தான் விழும். அதை அப்படியே அளந்தால் கம்பி தடித்துப் போய்விடும். அப்போது எனக்கு ஒரு யோசனை தோன்றியது. அவரிடமிருந்த மூன்று கம்பிகளையும் வாங்கிச் சிறுமியின் இடது கைக்குப் பக்கத்தில், எலும்பு இருக்கும் அதே உயரத்தில், ஒரு கட்டைமேல் ஒட்டி வைத்து, நேராக ஒன்று, பக்கவாட்டில் ஒன்று என்று படம் எடுத்தேன். எலும்பு எவ்வளவு பெருத்ததோ கம்பியும் அவ்வளவே பெருத்திருக்கும். படத்தைப் பார்த்துவிட்டு அவர் நடு கம்பியைத் தொட்டார். "இது போதும்" என்றார்.

ஆபரேஷன் காலை ஏழு மணிக்கு. வெயில் ஏறுமுன் முடித்தால் நல்லது, மின்சாரமும் அந்த நேரத்தில் தள்ளாடாது. ஒரு பெரிய சங்கடம் மட்டும் இருந்தது. மயக்கத்துக்குக் கொடுப்பது ஈதர். தீப்பொறி பட்டால் வெடிக்கும். எக்ஸ்ரே மெஷினோ பொறி தெறிக்கக்கூடிய சாமான். அதனால் தியேட்டருக்குள் படம் எடுக்க வேண்டுமானால் முதலில் ஈதரை நிறுத்த வேண்டும். பாட்டிலை வெளியே கொண்டுபோக வேண்டும். ஜன்னல்களைத் திறந்து, ஆவி கலையக் காத்திருந்து, அப்புறம்தான் நான் ஸ்விட்சைத் தொடலாம். அதற்குள் குழந்தைக்கு மயக்கம் தெளியத் தொடங்கும்.

மயக்க மருந்து கொடுக்கும் டாக்டரம்மா ஐம்பதைத் தாண்டியவர். ஒல்லியான உடம்பு, கறாரான பேச்சு. முதல் நாளே என்னிடம் சொல்லிவிட்டார். "நான் 'எடு'ன்னா எடுக்கணும். 'போதும்'னா போதும். என் பேச்சுக்கு மறுபேச்சு கிடையாது, தெரிஞ்சுதா?"

தெரிந்துகொண்டேன். ஒரே பிலிமில் இரண்டு படம் எடுக்கத் திட்டம் போட்டேன். பாதியை ஈயத்தகட்டால் மூடி நேர்ப் படம். பிறகு தகட்டை மாற்றி மூடி, மெஷினின் தலையைப் பக்கவாட்டில் திருப்பி இன்னொரு படம். பயிற்சியின்போது எங்களுக்கு ஓயாமல் சொல்லிக்கொடுத்தது அதுதான். ஒரு பக்கத்திலிருந்து பார்த்ததை நம்பாதே.

சிறுமியைத் தள்ளுவண்டியில் கொண்டுவந்தார்கள். என்னைப் பார்த்ததும் சிரித்தாள். "அக்கா, எலும்பை நெஜமாவே பாக்கப் போறாளாமே! நான் மட்டும் தூங்கிண்டிருப்பேன்."

"எழுந்ததும் நான் காட்டறேன்."

"சத்தியமா?"

"மாதா மேல சத்தியம்."

அவளுக்கு மாதா யாரென்று தெரியாது. ஆனாலும் திருப்தியோடு கண்ணை மூடிக்கொண்டாள். முகமூடி வலையில் ஈதர் சொட்டியது.

சர்ஜன் தோலைத் திறந்ததை நான் வாசலருகே, ஈய ஏப்ரனின் கனத்தோடு நின்று பார்த்தேன். அவர் கைகள் அவசரப்படவில்லை. ஒடிந்த முனைகளுக்கு நடுவே ஒரு துண்டுச் சதை மாட்டிக்கொண்டிருந்தது. இரண்டு தடவையும் கட்டு நழுவியதற்கு அதுதான் காரணம். "பாருங்க, இந்தச் சனியன்தான்" என்று தனக்குள் சொல்லிக்கொண்டு அதை விலக்கினார். முனைகள் ஒன்றோடொன்று பொருந்தின. மணிக்கட்டுக்குச் சற்று மேலே, எலும்பு வளரும் கோட்டைத் தொடாமல், கைத்துளைப்பானால் ஒரு சின்னத் துளை. அதன் வழியாகக் கம்பி. மெல்ல மெல்லத் தட்டி, முறிவைத் தாண்டி முழங்கை நோக்கி ஏற்றினார்.

"படம்" என்றார்.

ஈதர் நின்றது. ஜன்னல்கள் திறந்தன. டாக்டரம்மா கடிகாரத்தைப் பார்த்தபடி நின்றார். எனக்கு ஒவ்வொரு நொடியும் காதில் கேட்டது. "எடு." எல்லோரும் ஒதுங்கினார்கள். நேர்ப் படம் எடுத்தேன். தகட்டை மாற்றி, மெஷினின் தலையைத் திருப்பப் போகும்போது சிறுமி முனகினாள். விரல்கள் அசைந்தன.

"போதும்! நகரு!" டாக்டரம்மா முகமூடியை வைத்துவிட்டார்.

நான் பிலிம் இருந்த கேசட்டைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். தியேட்டர் ஒரு கட்டடம், டார்க் ரூம் முற்றத்துக்கு அந்தப் பக்கம் இன்னொரு கட்டடம். நடுவில் வேப்பமரம். அதன் கீழே சிமெண்ட் பெஞ்சில் சிறுமியின் அப்பா உட்கார்ந்திருந்தார். நான் ஓடுவதைப் பார்த்து எழுந்தார். நான் நிற்கவில்லை. மருந்தில் நான்கு நிமிஷம், தண்ணீரில் ஒரு முக்கு, படத்தை நிலைக்க வைக்கும் ஹைப்போவில் பால் நிறம் கலையும்வரை. சொட்டச் சொட்டச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு திரும்ப ஓட்டம். அப்பா மறுபடி எழுந்து நின்றார்.

சர்ஜன் நிமிர்ந்து பார்த்தார். படத்தில் கம்பி, எலும்பின் நட்டநடுவில் கோடு போட்டது போலப் போயிருந்தது. அவர் கண்கள் முகமூடிக்கு மேலே சிரித்தன. "பிரமாதம். மூடிடலாம்."

தையல் ஊசியை நர்ஸ் எடுத்துவிட்டாள். நான் பிலிமைப் பார்த்தேன். ஒரு பாதியில் கை. மறு பாதி கண்ணாடி மாதிரி வெறுமையாக இருந்தது.

"டாக்டர், பக்கவாட்டுப் படம் எடுக்கல."

டாக்டரம்மா என்னைப் பார்த்த பார்வை இன்றைக்கும் எனக்கு நினைவிருக்கிறது. "குழந்தை ஏற்கெனவே ஒரு தடவை தெளிஞ்சிருக்கு. மறுபடி நிறுத்தச் சொல்றியா?"

சர்ஜன் என்னிடம் கேட்டார். "அவசியமா?"

அவர் மதராசில் படித்தவர். நான் இருபத்திரண்டு வயது எக்ஸ்ரேக்காரி. ஒன்றுமில்லாமல் போனால், ஒரு குழந்தையை வீணாக இன்னும் கால் மணி நேரம் மயக்கத்தில் வைத்த பழி எனக்கு. அப்படியும் வாய் சொல்லிவிட்டது.

"அவசியம், டாக்டர்."

அவர் ஒரு கணம் யோசித்தார். காயத்தின்மேல் ஈரத்துணியைப் போட்டுவிட்டுக் கைகளைக் கட்டிக்கொண்டு பின்வாங்கினார். டாக்டரம்மா ஒரு பெருமூச்சு விட்டு ஈதர் பாட்டிலை வெளியே அனுப்பினார். "சீக்கிரம். ரத்தம் வராம இருக்க மேல் கையில ரப்பர் பட்டை இறுக்கி அரை மணி ஆச்சு."

இந்தத் தடவை புதுப் பிலிமில், கை அசையுமுன் எடுத்துவிட்டேன். மறுபடி ஓட்டம். முற்றத்தில் ஒரு செருப்பு கழன்றது. மற்றதையும் உதறிவிட்டு ஓடினேன். சிவப்பு வெளிச்சத்தில் சட்டத்தைத் தூக்கிப் பார்த்தபோதே தெரிந்துவிட்டது. எலும்பு பக்கவாட்டில் வில் மாதிரி வளைந்திருந்தது. கம்பி மட்டும் நேராகப் போய், மேல்முனையில் எலும்பைத் துளைத்து வெளியே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. நேர்ப் படத்தில் ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்ததால் உள்ளே இருப்பது போலத் தோன்றியிருக்கிறது. அவ்வளவுதான்.

பயப்பட வேண்டிய நேரம் அது. எனக்கு வந்ததோ தாங்க முடியாத பரபரப்பு. கண்ணுக்குத் தெரியாமல் ஒளிந்திருந்த ஒன்று என் கையில் சொட்டிக்கொண்டிருந்தது!

சர்ஜன் அந்தப் படத்தை வெகுநேரம் பார்க்கவில்லை. ஒரே பார்வைதான். "மேல எலும்பு வளையுது. நான் நேர்க்கம்பியை அனுப்பியிருக்கேன். அது எங்க போகும்?" என்றார். கோபம் தன்மேல்தான். கம்பியைப் பின்னுக்கு இழுத்தார். "வளைச்சு அனுப்பணும். எவ்வளவு வளைவுன்னு எப்படித் தெரியும்? இந்தக் கைதான் ஒடிஞ்சு கிடக்கே."

"டாக்டர், நல்ல கை படம் இருக்கு" என்றேன். "அது இடது கை. திருப்பி மாட்டினா வலது கைதானே?"

முன்தினம் எடுத்த இடது கைப் பக்கவாட்டுப் படத்தை விளக்குப் பெட்டியில் புறம் திருப்பி மாட்டினேன். ஒடியாத வலது கை ஒன்று அங்கே வந்து நின்றது, அதன் வளைவோடு. சர்ஜன் கம்பியை எடுத்து, படத்தைத் தொடாமல் அதற்கு முன்னால் காற்றில் பிடித்து, இடுக்கியால் கொஞ்சம் கொஞ்சமாக வளைத்தார். பார்ப்பார், வளைப்பார். மறுபடி பார்ப்பார். டாக்டரம்மாகூடத் தலையை நீட்டிப் பார்த்தார். "இன்னும் ஒரு துளி" என்றார் அவர்.

வளைந்த கம்பி உள்ளே போனது. இந்தத் தடவை அதன் போக்கே வேறு மாதிரி இருந்தது. தட்டத் தட்ட முரண்டு பிடிக்காமல் வழிதெரிந்தது போல ஏறியது. மறுபடி ஈதரை நிறுத்தினார்கள், ஜன்னல்களைத் திறந்தார்கள். டாக்டரம்மாவே சொன்னார்: "ரெண்டு பக்கமும் எடு. நான் பாத்துக்கறேன்." இரண்டு பாதியும் எடுத்தேன்.

வெறுங்காலோடு மூன்றாம் ஓட்டம். ஹைப்போவிலிருந்து எடுத்ததும் டார்க் ரூம் கதவைத் தள்ளித் திறந்து, முற்றத்தின் நடுவிலேயே நின்றுவிட்டேன். தியேட்டர் வரை போகப் பொறுமையில்லை. பிலிமைக் காலை வெயிலுக்கு நேரே தூக்கிப் பிடித்தேன். நேர்ப் படத்தில் கம்பி உள்ளே. பக்கவாட்டிலும் உள்ளே. எலும்பு வளைகிற இடத்தில் கம்பியும் கூடவே வளைந்து, முழங்கை வரை குழலுக்குள்ளேயே போயிருந்தது.

அப்பா என் பக்கத்தில் வந்து நின்றிருந்தார். அவர் மேலும் ஹைப்போ சொட்டியது.

"ஏம்மா, மூணு தரம் ஓடிட்டியே. கொழந்தைக்கு என்ன?"

"பாருங்க சார்! பாருங்க, இங்க!" விரலால் கம்பியின் வழியெல்லாம் காட்டினேன். "ரெண்டு பக்கமும் சரியா இருக்கு. உள்ளயே இருக்கு!"

அவருக்கு அதில் எவ்வளவு புரிந்ததோ தெரியாது. என் முகத்தைப் பார்த்துப் புரிந்துகொண்டிருக்க வேண்டும். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். நான் மறுபடி ஓடினேன்.

சர்ஜன் படத்தைப் பார்த்துவிட்டு, "தையல்" என்று நர்ஸிடம் கையை நீட்டினார். மேல் கையிலிருந்த ரப்பர் பட்டையைத் தளர்த்தியதும் வெளிறிய விரல்கள் ஒவ்வொன்றாகச் சிவந்தன. அதைப் பார்த்தபோது எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. கை கழுவும்போது சர்ஜன் தலையைத் திருப்பாமலே சொன்னார்: "நான் மூடியிருப்பேன், சிஸ்டர்." அவ்வளவுதான். டாக்டரம்மா என் கால்களைக் குனிந்து பார்த்தார். "முதல்ல போய்ச் செருப்பைத் தேடு" என்றார்.

சாயங்காலம் வீட்டில் நடந்ததையெல்லாம் கையை ஆட்டி ஆட்டிச் சொன்னேன். என் அப்பா சாப்பிடுவதை நிறுத்திவிட்டுக் கேட்டார். முக்கோணப் பாடம் நடத்துகிறவர் ஆயிற்றே, நேர்க்கம்பி ஏன் வெளியே வந்தது என்பதற்குத் தட்டில் ரசத்தால் கோடு போட்டுப் பார்த்தார். அம்மா மட்டும், "டாக்டர்கிட்ட எதிர்த்துப் பேசியிருக்கியே, வேலை இருக்குமா?" என்று கவலைப்பட்டாள்.

சிறுமிக்கு அன்று மாலை வரை வாந்தி. மறுநாள் கண்ணைத் திறந்ததும் படத்தைக் கேட்டாள். எல்லாவற்றையும் கொண்டுபோய்க் காட்டினேன். வெளியே எட்டிப் பார்த்த கம்பியைப் பார்த்து வாயைப் பிளந்தாள். "இது தப்பா போனது. இது சரியா போனது" என்று வார்டில் வந்தவர் போனவருக்கெல்லாம் அவளே விளக்கம் சொல்ல ஆரம்பித்தாள். அவளுடைய அம்மா ஆத்திலிருந்து தளிகை கொண்டுவந்து இடது கையால் சாப்பிட விடாமல் ஊட்டிவிடுவாள். ஊட்டும்போதும் அவள் வாய் ஓயாது.

எலும்பு நன்றாகக் கூடியதும் கம்பியை எடுத்தார்கள். கட்டைப் பிரித்தபோது கை சூம்பி, தோல் உரிந்து, குப்புறக் கிடந்தது. "திருப்பு" என்றார் சர்ஜன். பாதிதான் புரண்டது. அவள் பயந்துபோய் என்னைப் பார்த்தாள். நானும் பயந்தேன். அவர் மட்டும் நிதானமாக, "இத்தனை நாள் கட்டுல இருந்த கை. தினம் வெந்நீர்ல வெச்சு நீயே திருப்பு. வேற யாரையும் திருப்ப விடாத" என்றார். வாரம் ஒருமுறை வந்தாள். ஒவ்வொரு வாரமும் கொஞ்சம் கூடியது. ஆடி முடிந்து ஆவணியில் ஒரு நாள், எக்ஸ்ரே அறை வாசலில் நின்றுகொண்டு, "அக்கா!" என்று கத்தினாள். இரண்டு கைகளையும் ஏந்திக் காட்டினாள். எது ஒடிந்த கை என்று தையல் தழும்பைப் பார்த்துத்தான் சொல்ல முடிந்தது. அப்பா பின்னால் நின்று, "கார்த்தாலே தீர்த்தம் வாங்கிண்டா. ஒரு சொட்டுக் கீழ விழல" என்றார். அவளைத் தூக்கி ஒரு சுற்றுச் சுற்றினேன். மேஜையிலிருந்த பிலிம் சட்டங்கள் கடகடவென்று விழுந்தன.

அடுத்த மாதமே உறையூரிலிருந்து இன்னொரு குழந்தை வந்தது. ஆறு வயதுப் பையன். மாடிப்படியில் உருண்டு, முன்கையில் இரண்டு எலும்பும் முறிவு. கட்டுப் போட்டு ஒரு வாரம் கழித்து எடுத்த படத்தோடு தாய் அழுதுகொண்டு உட்கார்ந்திருந்தாள். ஸ்ரீரங்கத்துப் பெண்ணுக்குக் கம்பி வைத்துக் கை நன்றாகிவிட்ட கதை அதற்குள் ஊர் முழுக்கப் பரவியிருந்தது. தன் பையனுக்கும் கம்பி வையுங்கள் என்று கெஞ்சினாள்.

சர்ஜன் என்னைக் கூப்பிட்டனுப்பினார். டாக்டரம்மாவும் இருந்தார். சர்ஜன் ஒரு நாற்காலியைக் காட்டி, "உக்காருங்க, சிஸ்டர்" என்றார். அந்த அறையில் நான் அதற்குமுன் உட்கார்ந்ததில்லை. "நீங்க எடுத்த படம். என்ன தெரியுது, சொல்லுங்க."

நான் இரண்டு படங்களையும் மாட்டினேன். நேர்ப் படம், பக்கவாட்டுப் படம். நிதானமாகப் பார்த்தேன்.

"லேசாச் சாஞ்சிருக்கு. முறுக்கு இல்ல. வளைவு அப்படியே இருக்கு. ரெண்டு பக்கமும் போன வாரத்துப் படம் மாதிரியேதான் நிக்குது, டாக்டர். நழுவல."

அவர் தாய் பக்கம் திரும்பினார். "கேட்டீங்களாம்மா? உங்க பையனுக்குக் கத்தியும் வேணாம், கம்பியும் வேணாம். மாவுக்கட்டே போதும். அடுத்த வாரம் வாங்க, இவங்க மறுபடி படம் எடுத்துப் பாப்பாங்க."

தாய்க்கு நம்பிக்கை வரவில்லை. என் முகத்தைப் பார்த்தாள். "நெசமாத்தான் சொல்றீங்களாம்மா?"

"நெசமாத்தாங்க. ரெண்டு பக்கமும் பாத்துட்டேன்" என்றேன்.

அவள் பையனை இடுப்பில் தூக்கி வைத்துக்கொண்டு, அவன் மாவுக்கட்டுக் கை தன் தோளில் இடிக்க இடிக்க, உறையூர் பஸ்ஸைப் பிடிக்கப் போனாள்.